அஞ்சடி வசந்தகுமாரியும் முன்வரிசை மோதிரமும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நாதமலர் சபையின் தலைவர், தேக்கா கடைத்தெருவில் நாற்பது வருடமாகத் துணி விற்பவர், எல்லாவற்றுக்கும் மேலாக நம் அம்மையாரின் முதல் ரசிகர், காதர் மைதீன் அவர்களே! அம்மையாரின் அருமை மகள் பவித்ராவே! அஞ்சடி இசைக்குழுவின் கலைஞர்களே! வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள் ஓய்வு, அதையும் விட்டுவிட்டுக் கப்பல் பட்டறை விடுதியிலிருந்து வந்திருக்கும் தம்பிகளே! புக்கிட் பாத்தோக்கிலிருந்து வேன் பிடித்து வந்து, தமிழ் புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கும் அம்மையாரின் அண்டை வீட்டுப் பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ரத்னவேலின் கைகூப்பிய வணக்கம்.

கடைசி வரிசையில் கதவோரமாகக் கறுப்புச் சொங்கோக் தொப்பி அணிந்து உட்கார்ந்திருக்கும் இல்ஹாம் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். தயவுசெய்து பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். நான் இன்று பேச வந்ததே உங்களிடம்தான். பவித்ரா, நீ எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காரம்மா. அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். நான் பேசுவதை ஆங்கிலத்தில் அவர் காதில் சொல்லு. மடியில் இருக்கும் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு போ.

ஏன் இப்படி என்று சிலர் பார்க்கிறீர்கள். சொல்கிறேன். இந்தச் சபைக்குப் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்தவன் நான். இந்த மேடையில் எத்தனையோ இரங்கல் உரை நிகழ்த்தியிருக்கிறேன். போனவரைப் புகழ்ந்து, கண்ணைத் துடைத்து, ஒரு நிமிட மௌனம் சொல்லி, காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். இன்று அது நடக்காது. இன்று எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நம்மை விட்டுப் போனாரே, வயலின் இசைமணி வசந்தகுமாரி அம்மையார், அவர் யார்? அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போட்டவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எது எதன் பின்னால் வர வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது பகல் வேலை. மாலையில் வயலின். “ரெண்டும் ஒரே வேலைதான்ணே, யாரையும் ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

முறையாகக் கற்றவர். ஏழு வயதில் வில்லைப் பிடித்தவர். இந்தச் சபையில், இதே மேடையில், எத்தனை கச்சேரி! இரண்டரை மணி நேரம் வாசித்துவிட்டு இறங்கும்போது முன்வரிசையில் இருக்கும் எங்களைப் போன்ற முற்றிய ரசிகர்கள் “பேஷ், பேஷ்” என்போம். எத்தனை பேர் இருப்போம்? நாற்பது. மழை பெய்தால் இருபத்தைந்து. அந்த நாற்பது பேருக்கும் அவருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் ஒருநாள் என்னிடம் கேட்டார், “அண்ணே, இந்த மண்டபத்து வாசலில் நின்னு பாருங்க. ஒரு மணி நேரத்துல எத்தனை பேர் கடந்து போறாங்க? அவங்களுக்குக் காது இல்லையா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அவர்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா” என்றேன். அட, என்ன ஒரு பதில்! கேட்டுப் பார்க்காமலே அவர்களுக்குப் புரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் என்னைப் போலப் பேசிக்கொண்டிருக்கவில்லை. போய்ப் பார்த்தார். தான் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மலாய்க் கல்யாணம். மாப்பிள்ளையை அழைத்து வரும்போது கொம்பாங் அடித்துக்கொண்டு வருவார்களே, ஒரு பக்கம் தோல் கட்டிய வட்டமான மேளம், அதைக் கேட்டுக்கொண்டே சாமான் பையோடு மாப்பிள்ளை ஊர்வலத்தின் பின்னால் நடந்திருக்கிறார். சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழுவின் தலைவரிடம் போய், “எங்கூட வாசிக்கிறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அந்தத் தலைவர்தான் இல்ஹாம். அவருக்கு அன்று முதல் இவர் ‘காக் வசந்தா’. காக் என்றால் மலாயில் அக்கா.

கேட்டதும் எங்களுக்கெல்லாம் ரத்தம் கொதித்தது. கலப்படம் என்றோம். நான் நேரில் போய்ச் சொன்னேன், “வசந்தா, பாலில் தண்ணீர் கலக்காதே.” அவர் சிரித்துக்கொண்டே என் முன்னால் இருந்த டம்ளரைத் தள்ளிவைத்தார். “தண்ணி கலந்தா பால் கெட்டுப்போகும்ணே. தேத்தண்ணி கலந்தா தே தாரிக் லா! குடிங்க, ஆறிடும்.” நான் குடித்தேன். சூடாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடந்துபோகிறவர்களுக்காக அவர் எதையும் எளிதாக்கவில்லை. இதை இளம் கலைஞர்கள் கவனிக்க வேண்டும்! மக்களைச் சேரவேண்டும் என்று சொல்லி அரைகுறையாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் அப்படி இல்லை. நம்முடைய ஏழு எண்ணிக்கைத் தாளம் இருக்கிறதே, மிஸ்ர சாப்பு, மூன்றும் நான்கும், ‘தகிட தகதிமி’, அதைக் கொம்பாங் கலைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தே தீருவேன் என்று உட்கார்ந்தார். அவர்கள் பழகியது நான்கும் எட்டும். ‘தகிட தகதிமி’ அவர்கள் வாயில் நுழையவில்லை. என்ன செய்தார்? அவர்களுடைய சொல்லையே எடுத்தார். கெ-லா-பா: தேங்காய், மூன்று. நா-சி-லெ-மாக்: தேங்காய்ச் சோறு, நான்கு. “கெலாபா, நாசி லெமாக். கெலாபா, நாசி லெமாக்.” ஒரே வாரத்தில் எட்டு பேர் கையிலும் ஏழு உட்கார்ந்துவிட்டது. ஒத்திகை முடியும்போது எல்லோருக்கும் பசியும் வந்துவிடும் என்று இல்ஹாம் சொல்வாராம்.

இனிமேல்தான் நான் பேச வேண்டியது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், இதே மண்டபத்தில், அந்தக் குழுவின் முதல் கச்சேரி. கூட்டம் நானூறு! நாற்காலி போதாமல் பின்னால் நின்றார்கள். நான் முன்வரிசையில், நடு நாற்காலியில், செயலாளர் பட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு பாட்டும் எட்டில் ஓடின. நன்றாகவே இருந்தது. மூன்றாவது, அம்மையார் தானே எழுதி இசையமைத்த பாட்டு.

“கதவு திறந்தே கிடக்குது காற்றே,
கால்தட்டி உள்ளே வா.”

ஏழு எண்ணிக்கை. பத்துச் சுற்று அருமையாக ஓடியது. பிறகு கொம்பாங் தடுமாறியது. வயலின் ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். ஒருவரை ஒருவர் தேடினார்கள். ஒரு கட்டத்தில் அம்மையார் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார். பாட்டு நடுவிலேயே நின்றுபோனது. நானூறு பேர் முன்னால்! பின்னால் இருந்து யாரோ சிரித்தார்கள். இல்ஹாம் மேடையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் நான் ஒரு கடிதம் எழுதினேன். செயற்குழுவுக்கு ஒன்று, இந்த ஊரில் இன்னும் இரண்டு மண்டபத்துக்கு நகல். அதில் ஒரு வாக்கியத்தை அப்படியே படிக்கிறேன். “கொம்பாங் கலைஞர்களுக்குத் தாள ஞானம் இல்லாத காரணத்தால் இவ்வகைக் கலப்பு நிகழ்ச்சிகளுக்கு மண்டபம் தருவது சபையின் தரத்துக்கு இழுக்கு.” இழுக்கு! எழுதிவிட்டு நன்றாகச் சாப்பிட்டேன். ஆறு வருடம் இந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து காதர் மைதீன் அண்ணன் தன் தொலைபேசியில் எடுத்த பதிவை எனக்கு அனுப்பினார். பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அந்தப் பாட்டு வந்தது. வயலின் ஏழில் போகிறது. கொம்பாங் ஏழில் போகிறது. கூடவே இன்னொரு சத்தம் கேட்கிறது. டங், டங், டங். இரும்பு நாற்காலிக் கையில் மோதிரம் இடிக்கும் சத்தம். இதோ, இந்த மோதிரம்!

முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுவது நம் வழக்கம். தொடையில் தட்டுவோம், விரல் எண்ணுவோம். நான் கொஞ்சம் ஓங்கியே போடுவேன், ஊருக்கே தெரியும். அன்று நான் போட்டது என்ன? எட்டு. ஆதி தாளம்! கல்யாண மேளக்காரர்களுக்கு எட்டைத் தவிர என்ன தெரியும் என்று, பாட்டைக் கேட்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன். அவர்கள் ஏழில் வந்து நிற்கிறார்கள். நான் ‘தப்பு, தப்பு’ என்று அவர்களைத் திருத்துவதாக நினைத்து இன்னும் ஓங்கி எட்டை அடிக்கிறேன். பதிவில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. நாற்பது வருட ரசிகன்! ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதே!

சரி, ஒரு கிழவன் தப்பாகத் தட்டினால் மேடையில் இருப்பவர்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் என் கழுத்து அறுபடுகிறது. கச்சேரிக்கு முந்திய ஒத்திகையில் கொம்பாங் கலைஞர்களுக்குப் பயம். எண்ணிக்கை விட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். அம்மையார் அவர்களிடம் சொன்னாராம், “பயப்படாதீங்க. தப்பினா முன்வரிசையைப் பாருங்க. அங்க உட்கார்ந்திருக்கிறவங்க கை தப்பவே தப்பாது.”

அவர்கள் பார்த்தார்கள். என் கையைப் பார்த்தார்கள். என் கையை நம்பி வாசித்தார்கள்.

பவித்ரா, இதை அவருக்கு ஒரு சொல் விடாமல் சொல்லம்மா. நான் காத்திருக்கிறேன்.

அன்று பஸ்ஸில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு தீபாவளி முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் சொல்ல வேண்டிய காலமே தாண்டிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்டவனுக்குச் சாக்கா பஞ்சம்?

நாங்கள் கதவை மூடியதும் அம்மையார் உட்கார்ந்து அழுதாரா? அவராவது! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெருவில் வாசிப்பதற்கான அனுமதி அட்டை வாங்கிக்கொண்டு காதர் மைதீன் அண்ணன் கடைக்கு முன்னால் அஞ்சடியில் நின்று வாசித்தார். கடைக்கு முன்னால் எல்லோரும் நடந்து போகும், ஐந்தடி அகலமுள்ள அந்த அஞ்சடிப் பாதைதான் அவருடைய மேடை, அதுதான் குழுவுக்குப் பெயர். அண்ணன் ஒரு நாற்காலியும் மின்விசிறியும் கொடுத்தார். “என் கடை வாசலை மறைச்சுட்டீங்களேம்மா” என்று கேட்டாராம். “மறைக்கலண்ணே, நிறுத்தியிருக்கேன். நிக்கிறவங்க துணி வாங்கட்டும்” என்றாராம். வாங்கினார்களா அண்ணே? தலையாட்டுகிறார், வாங்கினார்களாம்!

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயப் பையோடு ஒரு தம்பி அரை மணி நேரம் நின்றார். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. சுரேந்தர், எழுந்து நில்லப்பா, எல்லோரும் பார்க்கட்டும். லாரியில் வேலைக்குப் போகும்போது இவரும் கூட்டாளிகளும் கட்டிப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. போர்மேனைக் கிண்டல் செய்கிற பாட்டு. “அம்மா, நான் ஒண்ணு பாடட்டா?” என்று கேட்டார். அம்மையார் உடனே வில்லை எடுத்து அவர் குரலுக்குப் பின்னால் போனார். பாட்டு முடிந்ததும் சுரேந்தர் கேட்டார், “அம்மா, இது ராகமா?” அம்மையார் சொன்னார், “நீங்க பாடும்போதே அதுதான் தம்பி. நான் இப்பதான் பேரைக் கண்டுபிடிக்கிறேன்.” மறுவாரம் விடுதியிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இருநூறு.

புக்கிட் பாத்தோக் புளோக்கில் ஒத்திகை பார்த்தபோது சத்தம் தாங்கவில்லை என்று ஒரு சீன அம்மையார் இறங்கி வந்தார். இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். சண்டை போட வந்தவர், நாலு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, “மறுபடி அந்த நடுவில் வர்ற இடத்தை வாசி” என்றாராம். அடுத்த வாரம் முதல் புகார் எப்படி வந்தது தெரியுமா? ‘ஏழு மணிக்கு ஆரம்பிப்பதாகச் சொன்னீர்கள், ஏழேகால் ஆகிவிட்டது’ என்று!

ஆறு வருடத்தில் சந்தைக் கூடம், தொழிலாளர் விடுதி, பள்ளி, மருத்துவமனைத் தாழ்வாரம் என்று எங்கெல்லாம் மனிதர் நடக்கிறார்களோ அங்கெல்லாம் வாசித்துவிட்டார்கள். எங்கள் நாற்பது பேர் எங்கே, அவருடைய ஆயிரங்கள் எங்கே! மூன்று வருடத்துக்கு முன்னால் சபை மறுபடியும் அவர்களுக்குக் கதவைத் திறந்தது; வெளியே கேட்டவர்களில் பாதிப்பேர் பிறகு மெல்ல இந்த மண்டபத்துக்குள்ளும் வந்தார்கள். மழை நாளில் இப்போது முந்நூறு பேர் வருகிறார்கள். இந்தச் சபை இன்று உயிரோடு இருப்பது யாரால்? நாம் துரத்தியவரால்!

ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு பாட்டு மட்டும் எங்கும் ஒலிக்கவில்லை. எட்டில் எல்லாம் வாசிப்பார் இல்ஹாம். ஏழு என்றால் கையை மடியில் வைத்துக்கொள்வார். “என் கைக்கு ஏழு வராது, காக். உங்களை நானூறு பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டேன்” என்பார். அம்மையார் எத்தனையோ முறை சொன்னாராம், உன் தப்பு இல்லை, முன்வரிசை தப்பு என்று. இவர் நம்பவில்லை. “அந்த அங்க்கிள் செயலாளர், அவர் தப்பாப் போடுவாரா?” என்று கேட்டாராம். அந்தக் கச்சேரி முடிந்ததும் தன்னுடைய கொம்பாங்கை அம்மையார் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனவர், அதைத் திரும்ப எடுக்கவே இல்லை; பிறகு வாசித்ததெல்லாம் வேறொரு கொம்பாங்.

அது இப்போது பவித்ரா மடியில் இருக்கும் பையில் இருக்கிறது.

நாலு வாரத்துக்கு முன் மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். மனதை ஒருவழியாகத் திடப்படுத்திக்கொண்டு, “வசந்தா, அன்றைக்குக் கச்சேரியில்…” என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார், “தெரியும்ணே. மோதிரச் சத்தம் மேடைக்கு நல்லாவே கேட்டுச்சு.”

எனக்குத் தலையில் இடி விழுந்தது. “தெரிந்தும் ஏன் ஊருக்குச் சொல்லவில்லை?” என்றேன்.

“நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். ஒன்பது வருஷம். உங்க பஸ் ரொம்ப லேட்டு லா அண்ணே.” சிரித்தார். இருமினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்கிட்ட சொல்லி என்ன? இல்ஹாம்கிட்ட சொல்லுங்க. அடுத்த மாசம் சபையில கச்சேரி. அந்தப் பாட்டை முடிச்சுடணும்” என்றார்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மூன்று வாரம், இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இழுத்தேன். செவ்வாய்க்கிழமை பவித்ரா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் காது கேட்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்தக் குறை என் கட்டை வேகும்வரை போகாது.

அதனால் இப்போது, இந்தக் கூட்டத்தின் முன்னால் சொல்கிறேன். இல்ஹாம்! தப்பு உங்கள் கையில் இல்லை. தப்பு இந்தக் கையில். உங்களுக்குத் தாள ஞானம் இல்லை என்று எழுதியவனுக்குத்தான் அன்று தாள ஞானம் இல்லை. மாஃப், இல்ஹாம். என்னை மன்னியுங்கள்.

நாளைக் காலையில் இன்னொரு கடிதம் போகும். அந்தப் பழைய கடிதம் போன அதே மூன்று இடத்துக்கும், என் கையெழுத்தோடு. துக்கம், அதனால் அடுத்த மாத நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கலாம் என்று செயற்குழுவில் சிலர் பேசுகிறீர்கள், என் காதுக்கு வந்தது. தள்ளக்கூடாது! இருபத்துமூன்றாம் தேதி, ஏழு மணிக்கு, இதே மேடையில் அஞ்சடி இசைக்குழு வாசிக்கும். வயலினுக்குப் பவித்ரா இருக்கிறாள். பாட்டுக்குச் சுரேந்தர் இருக்கிறார். மண்டபக் கதவைத் திறந்தே வைப்போம், சாலையில் போகிறவர்களும் நின்று கேட்கட்டும். அதற்கு நான் பொறுப்பு. ஏழேகால் ஆனால் அந்தச் சீன அம்மையார் என்னைக் கேட்கட்டும்!

தலைவர் அவர்களே, நிகழ்ச்சி நிரலில் அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறது. தயவுசெய்து அதை மாற்ற அனுமதி கொடுங்கள். நான் ஒன்பது வருடம் மௌனமாக இருந்துவிட்டேன், அது போதும். அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடத் தாளம் கொடுப்போம்.

எல்லோரும் கையைத் தொடைமேல் வையுங்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் இந்தச் சொல் தெரியும். கெலாபா, நாசி லெமாக். சிரிக்கலாம், தப்பில்லை, அவரும் சிரிப்பார்.

பவித்ரா, பையைத் திறந்து அதை அவரிடம் கொடு. இல்ஹாம், முன்னால் வாருங்கள். என் எதிரில், இந்த நாற்காலியில் உட்காருங்கள். இதோ, மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

அன்று நீங்கள் என் கையைப் பார்த்து வாசித்தீர்கள். இன்று உங்கள் கையைப் பார்த்து நான் தாளம் போடுகிறேன். ஆரம்பியுங்கள்.